அட்வான்ஸ் கடைசியில்: தமிழ்நாட்டில் கட்டிய தனி வீடு வாங்குவோருக்கு வரிசைப்படி ஒரு வழிகாட்டி

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த தனி வீட்டை வாங்குபவர்களுக்கானது இது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் காலி மனைக்கும் விதிகள் கொஞ்சம் மாறும். அவற்றை இங்கே தொடவில்லை. எங்கள் வீட்டை வாங்கியபோதும், பிறகு உறவினர்கள் சிலருக்குக் கூடவே அலைந்தபோதும் பார்த்த ஒன்று: முதல்முறை வாங்குபவர்களில் பெரும்பாலோர் செய்யவேண்டிய வேலையை எல்லாம் செய்கிறார்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். வீடு பிடித்துவிடுகிறது, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் பத்திர ஜெராக்ஸை வக்கீலிடம் நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் வக்கீல் குறை சொன்னால் காதில் ஏறாது. பணம் போய்விட்டதே என்ற பயம்தான் முடிவெடுக்கும்.

ஆகவே கீழே உள்ள எண்களை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். முன்பணம் ஏழாவது படியில்தான் வருகிறது.

1. முதலில் கணக்கு

வீட்டு விலையோடு செலவு முடிவதில்லை. கிரையப் பத்திரத்துக்கு (விற்பனைப் பத்திரம்) முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பேசிய விலை, அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்கிடப்படும். தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரூ. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

வங்கிக் கடன் வாங்குபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ரூ. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90%, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கும் மேல் 75% என்பதே உச்சவரம்பு. ரூ. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்கக் கூடாது. 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 32 லட்சம் கடன் கிடைக்கிறது என்று வையுங்கள். மீதி 8 லட்சம், பத்திரச் செலவு 3.6 லட்சம், ஆக 11.6 லட்சம் கையிலிருந்து வரவேண்டும். வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிக் கட்டணங்கள், வெள்ளையடிப்பு, ரிப்பேர் எல்லாம் இதற்கு வெளியே.

இந்தக் கட்டத்திலேயே சொந்தமாக ஒரு வக்கீலையும் பார்த்து வையுங்கள். வங்கியின் வக்கீல் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பவர். கடன் கிடைத்துவிட்டது என்பதாலேயே சொத்து சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. வீட்டை மூன்று முறை பாருங்கள்

ஒருமுறை பகலில், ஒருமுறை இரவில், ஒருமுறை நல்ல மழைக்கு மறுநாள். மழைக்குப் பிறகு போனால் தெரு மட்டம் வீட்டு வாசலைவிட உயர்ந்திருக்கிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீடு என்றால் இந்தப் பயணத்தைத் தவிர்க்கவே கூடாது. கூரையில் கம்பி தெரிகிற அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தால் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிப் போங்கள்.

கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, போர் தண்ணீர் கோடையில் நிற்கிறதா, பக்கத்துச் சுவர் யாருடையது, பின்வீட்டுக்காரருக்கு உங்கள் மனை வழியாக நடைபாதை உண்டா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டு அம்மா நிறையச் சொல்வார்.

வீட்டில் விற்பவரைத் தவிர வேறு யாராவது குடியிருந்தால், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே நேரில் கேளுங்கள். சொத்துரிமை மாற்றச் சட்டப்படி, ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாக அனுபவத்தில் இருந்தால் அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ‘வாடகைக்கு இருக்கிறார் என்று நினைத்தேன்’ என்று பின்னால் சொல்ல முடியாது. அவர் கையில் ஒரு கிரைய ஒப்பந்தமோ போக்கியப் பத்திரமோ (கொடுத்த பணம் திரும்பும்வரை குடியிருக்கும் உரிமை) இருக்கலாம்.

3. வில்லங்கத்தை நீங்களே போடுங்கள்

வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின்மேல் பதிவான கிரையம், அடமானம் முதலியவற்றின் பட்டியல். விற்பவரோ தரகரோ தரும் சான்று உங்களுக்குப் போதாது. எந்த சர்வே எண்ணுக்கு, எந்த ஆண்டிலிருந்து போட்டார்கள் என்பது அவர்கள் விருப்பம். பதிவுத்துறை இணையதளத்தில் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலான அலுவலகங்களுக்குக் கட்டணமின்றியே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள்.

சாதாரணமாக நடக்கும் தவறு, இப்போதைய சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடுவது. உட்பிரிவு ஆவதற்கு முன் 112/3 என்றிருந்தது இப்போது 112/3ஏ2 ஆகியிருக்கலாம். நகரப் பகுதியில் டவுன் சர்வே எண் என்று தனியாக வேறொன்று வந்திருக்கும். பழைய எண், புதிய எண், மனை எண், கதவு எண் எல்லாவற்றுக்கும் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

சான்று வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு அடமானத்துக்கும் எதிரே ஓர் இரசீதுப் பத்திரம் (கடன் தீர்ந்தது என்று பதியும் பத்திரம்) இருக்கிறதா என்று சோடி சேர்த்து அடித்துக்கொண்டே வாருங்கள். சோடி இல்லாத அடமானம் தீராத கடன். ‘அதெல்லாம் எப்போதோ கட்டி முடித்தது’ என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் இரசீதைப் பதிந்த பிறகே அடுத்த பேச்சு.

வில்லங்கத்தில் வராதவை நிறைய உண்டு: பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்ற வழக்கு, அசல் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய கைமாற்று. ஆகவே விற்பவர், அவருடைய உடன்பிறந்தவர்கள் பெயர்களை மாவட்ட நீதிமன்றங்களின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். ‘அசல் லாக்கரில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்’ என்பது இரண்டாவது முறையும் தொடர்ந்தால் நான் அந்த வீட்டை விட்டுவிடச் சொல்வேன்.

4. பத்திரங்களை வைத்து ஒரு குடும்ப மரம் வரையுங்கள்

இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். தாய்ப்பத்திரம் (இந்தச் சொத்துக்கான பழைய மூலப் பத்திரம்) தொடங்கி இன்றைய பத்திரம் வரை ஒரு பெரிய தாளில் வரிசையாக எழுதுங்கள்: ஆண்டு, ஆவண எண், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். ஒரு பத்திரத்தில் எழுதி வாங்கியவரே அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவராக வரவேண்டும். இடையில் புதுப் பெயர் வந்தால், அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

பெயர் மாறும் இடம் பெரும்பாலும் ஒரு சாவு. அங்கே நின்று, இறந்தவரின் எல்லா வாரிசுகளையும் கிளைகளாக வரையுங்கள். ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. தனக்கு முன்பே இறந்துபோன மகன், மகள் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உண்டு.

என் மைத்துனருக்காகப் பார்த்த ஒரு வீட்டில் மரம் வரைந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விற்பவரின் அப்பா இறந்தது 2004-இல். வாரிசுச் சான்றில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் பெயர் சரியாக இருந்தன. பாட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்டால், அவர் காலமானது 2009-இல் என்றார்கள். மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார், ஆக அவருக்கு ஒரு பங்கு விழுந்திருக்கிறது. அவர் இறந்தபின் அந்தப் பங்கு அவருடைய மற்ற மகன்கள், மகள்கள் பக்கமும் போகிறது. வீட்டை விற்கும் குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள். அத்தைகள், சித்தப்பா எல்லோரும் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்க நான்கு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் வாங்கினோம்.

இன்னொரு வாதம் அடிக்கடி காதில் விழும்: ‘பெண்ணுக்கு 1989-க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது, அவளுக்குப் பங்கில்லை.’ 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அதிலும் 2005-இன் மத்தியத் திருத்தமும் 2020-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் நிலைமையை மாற்றிவிட்டன. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளின் பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. ஆகவே ஒரு மகளின் கையெழுத்து இல்லையென்றால் நின்று கேளுங்கள். ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று வெள்ளைத்தாளில் எழுதிய கடிதம் போதாது. பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமை வேறு. மரம் வரையும் வேலை மட்டும் அதேதான், பங்கை வக்கீல் சொல்வார்.

மரத்தில் இன்னும் மூன்று முடிச்சுகளைத் தேடுங்கள். ஒன்று, மைனர். மைனரின் பெயரில் இருந்த சொத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு, பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அதோடு முடிந்தது. பவர் பத்திரம் மட்டுமே உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், எழுதிக் கொடுத்தவரை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது பேசுங்கள். மூன்று, தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். ‘என் ஆயுள்வரை நானே அனுபவித்துக்கொள்வேன்’ என்று எழுதிக் கொடுத்தவர் ஒரு வரி சேர்த்திருப்பார். அவர் இன்னும் உயிரோடு இருந்தால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

5. பட்டா, வரைபடம், அளவு நாடா

அளவு நான்கு இடத்தில் இருக்கிறது: பத்திரத்தில், பட்டாவில், புலப்படத்தில் (வருவாய்த்துறையின் நில அளவை வரைபடம்), தரையில். நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

பத்திரம் சதுர அடியிலோ சென்ட்டிலோ பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஏறத்தாழ 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. மாமா ஒருவருக்குப் பார்த்த வீட்டில் பத்திரம் 48-க்கு 60 அடி, அதாவது 2,880 சதுர அடி என்றது. பட்டாவில் 0-2.50 என்றிருந்தது. 2.5 ஏர் என்றால் 2,691 சதுர அடிதான். சனிக்கிழமை காலை நாடாவோடு போனோம். முன்பக்கம் 45 அடி. கிழக்குப் பக்கத்துக்காரரின் காம்பவுண்டு சுவர் மூன்று அடி உள்ளே நின்றது, அதுவும் பல வருடங்களாக. பேரம் 2,880-க்கு நடந்துகொண்டிருந்தது. கையில் கிடைக்கப்போகும் நிலத்துக்கு மட்டும் விலை பேசி முடித்தோம். புதுப் பத்திரத்திலும் உண்மையான அளவையே எழுதச் சொன்னோம். இல்லையென்றால் அடுத்து வாங்குபவரிடம் நாம் மாட்டிக்கொள்வோம்.

செக்குபந்தியை, அதாவது மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை, படிப்பதில் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ‘பொதுப் பாதைக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால் பாதை வடக்கே இருக்கிறது என்று பொருளில்லை. பாதைக்கு வடக்கே உங்கள் மனை இருக்கிறது; பாதை உங்களுக்குத் தெற்கே. வீட்டு வாசலில் நின்று நான்கு திசையையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ‘பாதை’ என்று இருக்கும் இடத்தில் ‘பொது’ என்ற சொல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இல்லையென்றால் அது யாரோ ஒருவருடைய நிலமாக இருக்கலாம்.

பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த்துறை இணையச் சேவையில் எடுக்கலாம். நிலம் புறம்போக்கா (அரசு நிலமா) என்று அங்கேயே சரிபார்க்கவும் வழி உண்டு. கோயில் நிலம், வக்ஃபு நிலம், நில எடுப்பில் உள்ள நிலம் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பட்டா வருவாய்ப் பதிவுதான். உரிமையைப் பத்திரங்களே நிரூபிக்க வேண்டும். பட்டா விற்பவர் பெயரில் இல்லாமல் அவருடைய தாத்தா பெயரில் இருந்தால், விற்பதற்கு முன்பே அவரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

6. கட்டட அனுமதி, வரி, மின் இணைப்பு

மனைப்பிரிவு அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). அங்கீகாரம் இல்லாத மனை என்றால் அதைப் பின்னால் முறைப்படுத்திய வரன்முறை ஆணை கேளுங்கள். 2016 அக்டோபர் 20 என்பது அந்தத் திட்டத்தின் எல்லைத் தேதி. கட்டட வரைபட அனுமதியை வாங்கி, இப்போது நிற்கும் வீட்டோடு ஒப்பிடுங்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கி, மாடியை அப்படியே ஏற்றியிருப்பார்கள். வங்கி மதிப்பீட்டாளர் அந்த மாடியைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். நடவடிக்கை வந்தால் உங்கள் மேல் வரும்.

சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டணம் பாக்கியை உங்கள் கண்ணால் இணையத்தில் பாருங்கள். மின் இணைப்பு வீட்டு உபயோக விகிதத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

7. இப்போது ஒப்பந்தம், இப்போது முன்பணம்

வக்கீல் எழுத்தில் கருத்து கொடுத்த பிறகுதான் இந்தப் படி. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வைத்தால் போதும் என்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும், அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க முயன்றால் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் கெடு தேதி, மீதித் தொகை, யார் எந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்று எழுதுங்கள். கடைசி விஷயத்தை எழுத வெட்கப்படுகிறார்கள். அதனால்தான் சண்டை வருகிறது. விற்பவர் பின்வாங்கினால் வழக்குப் போட உங்களுக்கு மூன்று ஆண்டு உண்டு. ஆனால் பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், ஆகவே வங்கி இருப்பு விவரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துப் பரிவர்த்தனையில் ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு; வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரும். ‘பத்திரத்தில் குறைவாகப் போடுவோம், மீதியைக் கையில் கொடுங்கள்’ என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கு வந்தால் பத்திரத்தில் உள்ள தொகைதான் நீங்கள் கொடுத்ததாக நிற்கும். நாளை நீங்கள் விற்கும்போது கூடுதல் லாபம் பார்த்ததாக வரியும் கட்ட நேரும்.

விலையோ அரசு மதிப்போ ரூ. 50 லட்சத்தைத் தொட்டால், இரண்டில் எது அதிகமோ அதில் 1% வரியை விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் இந்த வரம்பும் விகிதமும் பொருந்தாது. முன்பணத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

வீட்டின்மேல் விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால், பாக்கித் தொகைக் கடிதத்தை அவருடைய வங்கியிலிருந்து வாங்கி, அந்தப் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். அவர் கையில் கொடுத்து அவர் போய்க் கட்டட்டும் என்று விடாதீர்கள்.

8. பதிவு நாள்

கிரையப் பத்திர வரைவை முந்தின நாளே வாங்கி, ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பழைய பத்திரத்தைப் பார்த்தபடி ஒப்பிடுங்கள். சர்வே எண், அளவு, செக்குபந்தி, ஆதாரில் உள்ளபடி பெயர், காசோலை எண்கள், மின் இணைப்பு எண் ஆகியவற்றில்தான் பிழை வரும். ஒரு எழுத்துப் பிழைக்காகப் பிழைத்திருத்தல் பத்திரம் போட, விற்றவரை மறுபடி தேடிப் போக வேண்டியிருக்கும்.

அன்று காலையில் வில்லங்கத்தை இன்னொருமுறை பாருங்கள். கடைசித் தொகையைக் கொடுக்கும்போது அசல் பத்திரங்கள், தாய்ப்பத்திரங்கள், வரைபட அனுமதி, சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள். குடியிருப்பவர் காலி செய்யாத வீட்டுக்கு ‘பதிந்த பிறகு காலி செய்வார்’ என்ற வாக்கை நம்பிப் பதியவேண்டாம்.

9. பதிந்த ஒரு மாதத்துக்குள்

உங்கள் பெயர் ஏறிய வில்லங்கத்தை எடுங்கள். உட்பிரிவு தேவைப்படாத சொத்தில் பட்டா தானாக மாறும் வசதி உண்டு; மாறியதா என்று பாருங்கள், மாறாவிட்டால் இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். பிறகு சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு விற்றவரின் ஒப்புதல் உதவும். அவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

10. வீடு உங்களுடையதான பிறகு

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. நகரப் பகுதிகளில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கத்தைப் பாருங்கள்; பத்து நிமிட வேலை, போலிப் பத்திரம் பதிந்திருந்தால் சீக்கிரம் தெரியும். வெளியூரில் இருப்பவர்கள் எல்லைக்கல்லையும் சுவரையும் படமெடுத்து வையுங்கள். தனியார் ஒருவர் உங்கள் நிலத்தை 12 ஆண்டு வெளிப்படையாக, இடைவிடாமல், உங்களுக்கு எதிராக அனுபவித்துவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

வாடகைக்கு விட்டால் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதைக் கேட்கிறது.

கடனைக் கட்டி முடிக்கும் நாளில் இன்னொரு வேலை மீதம் இருக்கிறது. முழுத் தொகையும் கட்டியபின் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ. 5,000 இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. பத்திரங்களைப் பக்கம் எண்ணி வாங்குங்கள். கடன் வாங்கியபோது வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானத்துக்கு இரசீதுப் பத்திரம் பதிந்து, மறுபடி வில்லங்கம் போட்டு, மூன்றாம் படியில் சொன்னதுபோல் பென்சிலால் அந்தச் சோடியை நீங்களே அடித்துவிடுங்கள்.